நோட்டில் எழுதுவது போல ஒரே வரி: சாதாரண மக்களுக்கான கட்டளைவரிக் கருவிக்கு யோசனைகள் தேவை

வேளிமலை எழுதியது:

கட்டளையை எழுதிக் கணினியிடம் வேலை வாங்குவது நிரல் எழுதுபவர்களுக்கு மட்டுமே ஒத்துவரும், மற்றவர்களுக்குப் படமும் பொத்தானும்தான் சரி என்று பலர் சொல்கிறார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மக்களைப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாகர்கோவில் ரயில் நிலையத்தில் காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டோடு நிற்கும் ஒருவர், பிஎன்ஆர் என்று எழுதி, பத்து இலக்க எண்ணைச் சேர்த்து, 139க்குக் குறுஞ்செய்தி அனுப்பித் தன் இடம் உறுதியானதா என்று தெரிந்துகொள்கிறார். அவர் எழுதியது ஒரு கட்டளை. பட்டன் போனில் *99# அழுத்தி, இணையமே இல்லாமல் வங்கி இருப்பைப் பார்ப்பவர் செய்வதும் அதுவே. இதற்கெல்லாம் யாரும் வகுப்பு நடத்தவில்லை. எழுத வேண்டியது கொஞ்சம், பதில் உடனே வந்தது, அதனால் பழகிக்கொண்டார்கள்.

கடனுக்குக் கொடுத்ததை எழுதும் பற்று நோட்டு இன்னும் பழையது. கருங்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் என் சித்தி "தெக்குவிளை மேரி அரிசி 5 கி 260" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார். யார், என்ன, எவ்வளவு, என்ன தொகை, எல்லாம் அதில் இருக்கிறது. இதையே போனில் ஒரு கணக்குச் செயலியில் எழுத வேண்டுமென்றால் வாடிக்கையாளரைத் தேட ஒரு திரை, பொருளுக்கு ஒரு திரை, அளவுக்கு ஒன்று, விலைக்கு ஒன்று, கடைசியில் சேமிக்க ஒன்று. கடை வாசலில் மூன்று பேர் நிற்கும் நேரத்தில் இதை யாரால் செய்ய முடியும்? சித்தி நோட்டையே கையில் எடுக்கிறார். அவர் செய்வதுதான் சரி.

நான் கட்டிக்கொண்டிருப்பது அந்த நோட்டு வரியை அப்படியே வாங்கிக்கொள்ளும் கருவி. போன் திரையில் ஒரே ஒரு பெட்டி. மேலே சொன்ன வரியை எழுதினால், தான் என்ன புரிந்துகொண்டது என்பதைக் கருவி ஒரே வரியில் திருப்பிச் சொல்லும்:

மேரி (தெக்குவிளை), அரிசி 5 கிலோ, பற்று 260, மொத்தப் பாக்கி 1,840

கேள்வியும் அதே பெட்டியில்தான். "மேரி பாக்கி" என்றால் பாக்கி வரும். "இன்று மொத்தம்" என்றால் இன்றைய கணக்கு வரும். எல்லாமே போனுக்குள் ஓர் எளிய எழுத்துக் கோப்பில் இருக்கும், இணையம் வேண்டாம். பைத்தான் நிரல்மொழியில் முன்மாதிரி ஓடுகிறது. வெளியே கொடுப்பதற்கு முன்பு உங்கள் கருத்து வேண்டும். எதிர்க்கருத்து இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

முனையக்காரன் எழுதியது:

நல்ல முயற்சி தம்பி. இந்த வழியில் உனக்கு முன்பே சிலர் நடந்திருக்கிறார்கள், அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜினா திரபானி 2006இல் தொடங்கிய டூடூ.டெக்ஸ்ட் முறையில் ஒரு வேலைக்கு ஒரு வரி, அவ்வளவுதான். எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கலாம், கருவியே இல்லாமல் போனாலும் பட்டியல் உன்னுடையதாகவே இருக்கும். ஜான் வீக்லி 2003இல் எழுதிய லெட்ஜர் இரட்டைப் பதிவுக் கணக்கையே எழுத்துக் கோப்பில் வைத்தது. அதிலிருந்து பிறந்த கருவிகள் இன்றும் ஓடுகின்றன. யூனிக்ஸ் இயங்குதளத்தில் டக் மெக்கில்ராய் வலியுறுத்திக் கேட்ட குழாய், அதாவது ஒரு நிரல் தரும் எழுத்தை அடுத்த நிரலுக்கு அப்படியே அனுப்பும் வசதி, 1973இல் வந்தது. அந்தக் குழாயின் பலத்தில் பாதி, எல்லாமே வரி வரியான எழுத்தாக இருந்ததால் கிடைத்தது. ஆகவே ஒரு பதிவுக்கு ஒரு வரி என்பதை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதே.

தரவுத்தளம் வேண்டுமா என்று யாராவது கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார். கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். சராசரியாக ஒரு வரி 100 பைட், நாளுக்கு 50 வரி என்று வைத்தாலும் ஓர் ஆண்டுக்கு 2 எம்பிகூட வராது. ஒரு புகைப்படத்தின் அளவு. முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றி ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து கூட்டினாலும் போன் அசராது.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை. நமக்குப் பழகிய கட்டளைகளில் செயல் முதலில் வரும்: நகலெடு, பிறகு எதை, பிறகு எங்கே. அந்தப் பழக்கத்தில் "சேர் மேரி 260" என்று ஓர் இலக்கணத்தை வைத்துவிடாதே.

இரணியல்_டீச்சர் எழுதியது:

கடைசியில் சொன்னதை இன்னும் அழுத்திச் சொல்கிறேன். நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். "மேரிக்கு அரிசி கொடுத்தேன்." நோட்டில் எழுதும்போது அந்த வினையும் உதிர்ந்துவிடுகிறது, ஏனென்றால் நோட்டே ஒரு வினைதான்: இது பற்று நோட்டு என்றால் அதில் எழுதியதெல்லாம் கொடுத்தது. வினை தேவைப்படும் இடங்கள் மிகச் சில. அந்த இடங்களில் அது வரியின் முடிவில் வரட்டும். "மேரி 500 வரவு", "நேற்று வரி 3 வேண்டாம்", "பால்காரன் வெள்ளி நினைவூட்டு". கையில் வருவதும் இப்படித்தான், கண்ணுக்குப் பழகியதும் இப்படித்தான்.

எழுத்துப்பிழை பற்றி யோசித்தீர்களா? பிழை என்றே எல்லாவற்றையும் சொல்லவும் முடியாது. நம் பகுதியில் பாதிப் பேர் றப்பர் என்றுதான் எழுதுகிறார்கள், மீதிப் பேர் ரப்பர். ஏத்தன் குலை, ஏத்தங்குலை, நேந்திரன் எல்லாம் ஒன்று. மகளிர் குழு நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ல, ள, ழ மூன்றும் கை போன போக்கில் இருக்கும், கணக்கு மட்டும் ஒரு பைசா பிசகாது. எழுத்தைக் காரணம் காட்டி அந்தப் பெண்களை உங்கள் கருவி திருப்பி அனுப்பினால் அது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வேளிமலை எழுதியது:

டீச்சர், தேடும்போது ர, ற இரண்டையும் ஒன்றாகவும், ல, ள, ழ மூன்றையும் ஒன்றாகவும், ந, ன, ண மூன்றையும் ஒன்றாகவும் எடுத்துக்கொள்கிறேன். கோப்பில் அவர்கள் எழுதியபடியே இருக்கும், நான் திருத்தமாட்டேன். ஒப்பிடுவதற்கு மட்டும் பின்னால் ஒரு மடக்கிய வடிவம். அதற்கு மேலும் பொருந்தவில்லை என்றால் லெவன்ஷ்டைன் தூரத்தை, அதாவது ஒரு சொல் இன்னொன்றாக எத்தனை எழுத்து மாற வேண்டும் என்பதைப் பார்த்து, ஓர் எழுத்து வித்தியாசம் வரை ஏற்கிறேன்.

நிரல் எழுதும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. "கொடு" என்பது கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் நான்கு குறியீடு. சில விசைப்பலகைகள் ஒகரக் குறியை எகரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்துப் போடுகின்றன, அப்போது ஐந்து. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு வேறு சொல். உள்ளே வரும் ஒவ்வொரு வரியையும் யூனிகோடின் சேர்த்த வடிவத்துக்கு முதலில் மாற்றிவிட வேண்டும், பைத்தானில் அதற்கு ஒரே ஒரு அழைப்பு போதும். ஔ எழுத்துக்கு அதுவும் போதாது. பலர் ஒ, ள என்று தனித்தனியாகத் தட்டுகிறார்கள். அது யூனிகோடு விதியில் ஔ ஆகாது, நாமே கைப்பட மாற்ற வேண்டும்.

கோட்டாறு_கணக்கர் எழுதியது:

நான் நிரலாளர் இல்லை. கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது தொழில். உங்கள் கருவி பிழைக்குமா என்பது இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

முதலாவது, "மேரி 250" என்று எழுதினால் என்ன செய்வீர்கள்? மேரி வாங்கினாளா, மேரி கொடுத்தாளா? மளிகைக் கடையில் ரொக்க வியாபாரத்தை யாரும் பெயர் போட்டு எழுதமாட்டார்கள், ஆகவே பெயர் வந்தால் பற்று. ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் நேர்மாறு: பெயர் வந்தால் அவர் சரக்கு கொண்டுவந்திருக்கிறார், கடைக்காரர்தான் பணம் தர வேண்டும். ஒரே விதியை இரண்டு இடத்திலும் வைத்தால் முதல் நாளே கணக்கு தலைகீழாகும். தொடங்கும்போதே "இது என்ன நோட்டு" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு கேட்க வேண்டாம்.

இரண்டாவது, புரியாத வரியை என்ன செய்வீர்கள்? பல செயலிகள் சிவப்பு எழுத்தில் தவறு என்று காட்டி எழுதியதை அழித்துவிடுகின்றன. அதற்குப் பயந்து, எல்லாவற்றையும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் கருவியைச் செய்யாதீர்கள். அது அதைவிட மோசம். மாதக் கடைசியில் மொத்தம் இடிக்கும், எங்கே இடிக்கிறது என்று தெரியாது.

அழித்துத் திருத்தவும் விடாதீர்கள். நோட்டில் மை போட்டு எழுதியதை யாரும் அழிப்பதில்லை, கோடு கிழித்துப் பக்கத்தில் எழுதுவார்கள். கோடு கிழித்தது கண்ணுக்குத் தெரிவதால்தான் ஊரில் அந்த நோட்டுக்கு நம்பிக்கை.

முனையக்காரன் எழுதியது:

அண்ணாச்சி சொன்னதைப் பொறியியலில் சேர்க்க மட்டுமே அனுமதிக்கும் பதிவு என்பார்கள். "வேண்டாம்" என்பதும் ஒரு புதிய வரியாகவே கோப்பின் கடைசியில் சேர வேண்டும். பழைய வரி இருக்கும், கூட்டலில் மட்டும் சேராது. இதனால் இன்னொரு லாபம், எழுதும் நேரத்தில் போன் அணைந்தாலும் கெடுவது கடைசி வரி மட்டும்தான்.

புரியாத வரிக்கு என் யோசனை: மறுக்காதே, மறைக்காதே. வரியை அப்படியே சேமி. பதிலில் "குறித்துக்கொண்டேன், கணக்கில் சேர்க்கவில்லை" என்று சொல். இரவு "கணக்கு முடி" என்று எழுதும்போது அப்படிச் சேராமல் நிற்கும் வரிகளை மேலே காட்டு.

புதுநிரலர் எழுதியது:

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. தமிழில் தட்டச்சு செய்வதே பலருக்குக் கடினம். குரல் உள்ளீடு இருக்கும்போது எதற்காக எழுதச் சொல்கிறீர்கள்? இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பாட், அதாவது செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் நிரல், செய்துவிடுங்கள். எல்லார் போனிலும் வாட்ஸ்அப் இருக்கிறது, புதிதாக எதையும் நிறுவ வேண்டாம். பெட்டியும் அங்கேயே இருக்கிறது.

தோவாளைப்பூ எழுதியது:

குரலைப் பற்றி நான் சொல்கிறேன். தோவாளைப் பூச்சந்தையில் விடியற்காலை வந்து நின்று பாருங்கள். ஏலக் குரல், வண்டிச் சத்தம், நான்கு பக்கமும் விலை கேட்கும் குரல்கள். போனில் பேசினால் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன விலையும் சேர்ந்து பதிவாகும். அதுவும் போகட்டும். நான் யாருக்கு என்ன விலைக்குக் கொடுத்தேன் என்பதைச் சத்தமாகச் சொல்ல முடியுமா? பிச்சி ஒருவருக்கு 800, பழைய வாடிக்கையாளருக்கு 760. இதை எழுதத்தான் முடியும், சொல்ல முடியாது.

எழுதுவதிலும் எனக்குச் சிரமம் உண்டு. பூவில் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கிறோம், கை எப்போதும் ஈரம். ஈரக் கையில் தொடுதிரை சொன்னபடி கேட்காது. ஆகவே சந்தை நேரத்தில் நான் காகிதத்தில்தான் எழுதுவேன். கூட்டம் கலைந்த பிறகு என் மகள் உட்கார்ந்து இருபது முப்பது வரியையும் ஒரே மூச்சில் தட்டுவாள். அதற்கு உங்கள் பெட்டி இடம் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் "சரியா" என்று கேட்டு நிறுத்தினால் அவள் போனைக் கீழே வைத்துவிடுவாள்.

எங்கள் வரி இப்படி இருக்கும்: "பிச்சி மூன்றரை 800 வீதம் திருவனந்தபுரம்". அளவைச் சொல்லில் எழுதுவோம், வீதம் என்றால் பெருக்க வேண்டும், 2,800 வர வேண்டும். அரை, கால், முக்கால், ஒன்றேகால் எல்லாம் தெரியாத கருவியால் எங்களுக்குப் பயனில்லை. விலை காலையில் ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று. ஓணத்துக்கு முந்தைய நாள்களில் கேரளத்திலிருந்து ஆள் வந்து நிற்கும்போது அரை மணிக்கு ஒரு விலை. எனவே "பிச்சி விலை" என்று ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டு அதையே தானாக நிரப்பிவிடாதீர்கள். அரளி, சம்பங்கி, கிரேந்தி எதற்கும் வேண்டாம்.

வேளிமலை எழுதியது:

அக்கா, இது எனக்கு வேண்டிய தகவல். பல வரிகளை மொத்தமாக ஒட்டினால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் "28 வரி சேர்ந்தது, 2 வரி நிற்கிறது" என்று ஒரே பதில் சொல்லும்படி செய்கிறேன். விலையைத் தானாக நிரப்பும் பகுதியை எடுத்துவிடுகிறேன்.

புதுநிரலர், வாட்ஸ்அப் பாட் வேண்டாம் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை. பற்று நோட்டில் இருப்பது ஒரு கிராமத்தின் கடன். யார் வீட்டில் இந்த மாதம் அரிசிக்குப் பணமில்லை, யார் மகள் கல்யாணத்துக்குப் பிறகு பாக்கி அடைக்கவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. சித்தி அந்த நோட்டைக் கல்லாவுக்கு அடியில் வைத்திருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டமாட்டார். பாட் என்றால் ஒவ்வொரு வரியும் வெளியே ஒரு சேவையகத்துக்குப் போய் வர வேண்டும். அவர் காப்பாற்றும் ரகசியத்தை என் வசதிக்காக நான் வெளியே அனுப்பக் கூடாது. அதோடு நிறுவனங்களுக்கான வாட்ஸ்அப் இணைப்பு இலவசமாக முடிகிற காரியம் இல்லை, செலவு யாராவது ஒருவர் தலையில் விழும். குரலைப் பொறுத்தவரை, விசைப்பலகையில் இருக்கும் மைக் பொத்தானை அழுத்தி யாராவது பேசி எழுத விரும்பினால் தாராளமாகச் செய்யலாம். எழுத்தாக வந்து சேர்ந்தால் கருவிக்குப் போதும்.

புதுநிரலர் எழுதியது:

தனியுரிமைக் காரணத்தை ஏற்கிறேன். தட்டச்சுச் சிரமம் பற்றிய கேள்வி அப்படியே நிற்கிறது.

முனையக்காரன் எழுதியது:

அந்தக் கேள்விக்கு என் பதில் பரிந்துரை. யூனிக்ஸில் தாவல் விசை, பாதி தட்டிய சொல்லை முடித்துக் கொடுக்கும் அதே வேலை. "மே" என்று தட்டியதும் அந்த நோட்டில் ஏற்கெனவே இருக்கும் மேரிகள் கீழே வந்து நிற்கட்டும், ஒரு தொடுதலில் பெயர் முடியும். மேரிக்கு அடுத்து அரிசியா, சீனியா, தேங்காய் எண்ணெயா என்பதும் அவளுடைய பழைய வரிகளிலிருந்தே வரும். அகராதி எதுவும் வேண்டாம், அவரவர் நோட்டே அகராதி. சில வாரங்கள் போனால் ஒரு வரிக்கு மூன்று தொடுதலும் ஒரு தொகையும்தான் மிஞ்சும். பொத்தான்களைவிட இது மெதுவாக இருக்காது.

உதவிப் பக்கமும் எழுதாதே. கேள்விக்குறி ஒன்றைத் தட்டினால் அவர் முன்பு எழுதிய வரிகளிலேயே ஐந்து வகை எடுத்துக் காட்டு. தன் கையெழுத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வது எவருக்கும் எளிது.

குளச்சல்கரை எழுதியது:

கடற்கரையிலிருந்து ஒரு வார்த்தை. இந்த மாதிரிக் கருவிகளில் "பாக்கி வைத்தவர்களுக்குத் தானாக நினைவூட்டல் அனுப்பு" என்று ஒன்று இருக்கும். தயவுசெய்து அதை வைக்காதீர்கள்.

எங்கள் ஊரில் பாக்கி ஏறுவதற்கு ஒரு காலம் உண்டு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. இதே மாவட்டத்தில் சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. அந்த இரண்டு மாதம் வீட்டில் வருமானம் இல்லை, கடையில் பற்று. தடை முடிந்து படகு ஏறி, மீன் ஏலம் போன பிறகு அடைப்பார்கள். தலைமுறையாகக் கடைக்காரருக்கும் எங்களுக்கும் இது தெரியும், யாரும் பேசிக்கொள்வதில்லை. இந்த நேரத்தில் "உங்கள் பாக்கி 30 நாள் தாண்டிவிட்டது" என்று ஒரு செய்தி வந்தால் அந்த உறவு அன்றோடு முறியும். கடைக்காரர் கேட்கவில்லை, போன் கேட்டது என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இன்னொன்று, எங்கள் கணக்கு பங்குக் கணக்கு. ஏலத் தொகையில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்து, மீதியைப் படகுக்கு இவ்வளவு, ஆள்களுக்கு இவ்வளவு என்று பிரிப்போம். படகுக்குப் படகு பேச்சு வேறு. தூத்தூர் பக்கத்துப் படகுகள் ஆழ்கடலில் வாரக்கணக்கில் இருக்கும். கரையை விட்டுக் கொஞ்சம் போனாலே சிக்னல் கிடையாது, செலவு மட்டும் அங்கேயும் உண்டு. இணையம் வேண்டாம் என்று நீங்கள் சொன்னதால்தான் இந்த இழையை முழுதாகப் படித்தேன்.

கோதையாறு எழுதியது:

குலசேகரத்துக்கு மேலே 400 மூடு ரப்பர் மரம் வைத்திருக்கிறோம். மலைப் பக்கம் என்பதால் சிக்னல் கதை எங்களுக்கும் அதேதான்.

எங்கள் நோட்டில் ஒரு நாளின் வரி இது: "ஷீட் 18 கி, ஒட்டுப்பால் 3 கி, வெட்டுக்கூலி 600". ஒரே வரியில் மூன்று சங்கதி. முதல் இரண்டும் எடை, கடைசி ஒன்றுதான் பணம். கடைசி எண் தொகை என்று வைத்தால் இது தப்பிக்கும், ஆனால் ஒட்டுப்பாலைக் கூலிக்குப் பின்னால் எழுதும் நாளில் 3 ரூபாய் கூலி என்று வந்துவிடக் கூடாது. காற்புள்ளியை ஒரு வேலியாக எடுத்துக்கொள்ள முடியுமா?

இதைவிட முக்கியமான வரி எண்ணே இல்லாதது. "மழை, வெட்டு இல்லை." நாள் விட்டு நாள் வெட்டு என்று பேச்சு. இடையில் மழை பெய்தால் நாள் மாறும். மாதக் கடைசியில் எத்தனை நாள் வெட்டியது என்பதில்தான் பால் வெட்டும் தொழிலாளிக்கும் எங்களுக்கும் பேச்சு வரும். அந்த வரி அங்கே இருந்தால் வார்த்தை தடிக்காது. எண் இல்லை என்று அதைக் கருவி ஒதுக்கிவிடாமல் தேதியோடு வைக்க வேண்டும். "ஜூன் மழை" என்று கேட்டால் மழை என்று எழுதிய நாள்களெல்லாம் வர வேண்டும்.

ஷீட்டை உடனே விற்பதில்லை. கோட்டயத்தில் ரப்பர் வாரியம் வெளியிடும் ஆர்எஸ்எஸ் 4 (நான்காம் தரப் புகையூட்டிய ஷீட்) விலையைத் தினமும் பார்ப்போம், ஏறும் என்று தோன்றினால் புகைக்கூடத்திலேயே வைத்திருப்போம். எனவே "ஷீட் கையிருப்பு" என்று கேட்டால், எடுத்ததிலிருந்து விற்றதைக் கழித்துச் சொல்லட்டும்.

இரணியல்_டீச்சர் எழுதியது:

தேதி பற்றி யாரும் பேசவில்லை. இன்று, நேற்று, முந்தாநாள், வரும் செவ்வாய் எல்லாம் சேர்ப்பீர்கள் என்று தெரியும். சீட்டுப் பணம் பல வீடுகளில் தமிழ் மாதம் ஒன்றாம் தேதி. நம் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்து 1956 நவம்பர் 1 அன்று இங்கே சேர்ந்தது. கேரளத்தின் கொல்லம் ஆண்டுக் காலண்டரைப் பார்த்து நாள் குறிக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு காலண்டரும் எப்போதும் ஒத்துப்போகாது. 2023இல் தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14, விஷு ஏப்ரல் 15. மாதம் ஒன்றாம் தேதி நினைவூட்டு என்று ஒருவர் எழுதினால் எந்த ஒன்றாம் தேதி?

முனையக்காரன் எழுதியது:

டீச்சர் சொன்னதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்க முயலாதே தம்பி. சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து மாதம் பிறக்கிறது, மாதத்துக்கு 29 முதல் 32 நாள் வரை வரும், தமிழ்நாட்டு விதியும் கேரள விதியும் வேறு. அச்சிட்ட காலண்டரைப் பார்த்து ஆண்டுக்கு 12 வரி கொண்ட ஓர் அட்டவணையைக் கோப்பாக வைத்துவிடு. அவரவர் வீட்டுக் காலண்டருக்கு ஏற்ப அதையும் அவர்களே மாற்றிக்கொள்ளலாம்.

திரை பற்றியும் சொல்ல வேண்டும். கட்டளைவரி என்றதும் உண்மையான முனையத்திலேயே, அதாவது நிரலாளர்கள் கட்டளை தட்டும் எழுத்துத் திரையிலேயே, ஓட்டும் ஆசை உனக்கு வரும். எனக்கும் வரும். தமிழுக்கு அது இன்னும் சரியான இடம் இல்லை. ஒரு குறியீட்டுக்கு ஒரு கட்டம் என்ற எண்ணத்தில் கட்டப்பட்டவை அவை. நமக்கோ எகரக் குறியும் ஐகாரக் குறியும் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு முன்னால் தெரிய வேண்டும். பல முனையங்களில் எழுத்து சிதறும், பத்திகள் கோணும். போனின் சாதாரண எழுத்துப் பெட்டியைப் பயன்படுத்தினால் எழுத்தை வடிவமைக்கும் வேலையைப் போனே செய்துவிடும். பட்டியல் காட்டும்போது தொகையை இடது ஓரத்தில் வை, பெயரை அதற்குப் பிறகு வை. இலக்கங்கள் பெரும்பாலும் ஒரே அகலம், அவை நேராக நிற்கும். பெயர்கள் வலப்பக்கம் எவ்வளவு நீண்டாலும் பட்டியல் கெடாது.

கோட்டாறு_கணக்கர் எழுதியது:

அந்தப் பட்டியலைக் காகிதத்தில் எடுக்க வழி வையுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. போன்கள் அணைந்தன, நோட்டு வைத்திருந்தவர்கள் கடையை நடத்தினார்கள். மாதத்துக்கு ஒரு முறை எல்லாருடைய பாக்கியும் ஒரு தாளில் வரட்டும். தொகை நம் முறையில் 1,25,000 என்று பிரிந்து வர வேண்டும், 125,000 என்று வந்தால் சித்தி படிக்கமாட்டார்.

வேளிமலை எழுதியது:

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முதல் வெளியீட்டில் வரப்போவதைச் சொல்லிவிடுகிறேன்.

தொடங்கும்போது என்ன நோட்டு என்ற ஒரே கேள்வி. கடை, சரக்கு வாங்கும் கடை, தோட்டம், பூ, படகு, வீடு. அதை வைத்தே பெயரும் தொகையும் மட்டும் வந்தால் பற்றா வரவா என்று முடிவாகும். வரியைப் பிரிக்கும்போது அந்த நோட்டில் உள்ள பெயர்களில் மிக நீளமாகப் பொருந்துவதை முதலில் எடுப்பேன், "தெக்குவிளை மேரி" வெறும் மேரியாகிவிடக் கூடாது என்பதற்காக. அலகு ஒட்டிய எண் அளவு, அலகு இல்லாத எண் பணம், காற்புள்ளி வேலி. கோதையாறு எழுதிய வரி எந்த வரிசையில் வந்தாலும் இதனால் சரியாகப் பிரியும். எண் இல்லாத வரி குறிப்பாகத் தேதியோடு நிற்கும். அழித்தல் கிடையாது.

யாருக்கும் தானாக எதையும் அனுப்பாது. குளச்சல்கரை அண்ணன் சொன்ன பிறகு, நாள் தாண்டிய பாக்கியைச் சிவப்பில் காட்டும் எண்ணத்தையும் கைவிட்டேன். பாக்கி எவ்வளவு என்பது கருவியின் வேலை. எப்போது கேட்பது என்பது கடைக்காரர் அறிவார்.

பங்குக் கணக்கு முதல் வெளியீட்டில் வராது. படகுக்குப் படகு வேறு என்பதால் அதைத் தனியாக, அருகில் இருந்து பார்த்துத்தான் செய்ய வேண்டும். குளச்சலுக்கு வந்து உட்கார்ந்து கேட்க விரும்புகிறேன், நேரம் சொல்லுங்கள் அண்ணன்.

ஓர் உதவி வேண்டும். உங்கள் நோட்டிலிருந்து உண்மையான வரிகள் சில, பெயர்களை மாற்றிவிட்டு இங்கே போடுங்கள். நானே உட்கார்ந்து கற்பனை செய்யும் வரிகளை என் நிரல் எப்போதும் புரிந்துகொள்ளும், அதில் பயனில்லை.

கோட்டாறு_கணக்கர் எழுதியது:

பெயரெல்லாம் மாற்றியிருக்கிறேன். எழுத்து அவர்கள் எழுதியபடியே.

வடக்குவிளை தங்கம் சீனி 2 தேயில 1 பாக் 148
டெய்லர் 200 குடுத்தது
தங்கம் மகன் வசம் 300 வரவு
மரச்சீனி 12 கி 25 வச்சு
செல்வி பழைய 500
கேஸ் ஆள் வந்தான் இல்லை

ஐந்தாவது வரியைப் பாருங்கள். பழைய பாக்கியில் செல்வி 500 கொடுத்திருக்கிறாள், அது வரவு. உங்கள் விதிப்படி பெயரும் எண்ணும் மட்டும் இருப்பதால் பற்று என்று எடுத்துவிடும்.

வேளிமலை எழுதியது:

ஓட்டிப் பார்த்தேன் அண்ணாச்சி. செல்வி வரியில் நீங்கள் சொன்னபடியே பற்று என்று எடுத்தது. "பழைய", "குடுத்தது", "வசம்" மூன்றில் எதைப் பார்த்தாலும் தானாக முடிவு செய்யாமல், வரியை நிறுத்தி வைத்துக் கணக்கு முடிக்கும்போது "பற்றா, வரவா" என்று மட்டும் கேட்கும்படி மாற்றிவிட்டேன். ஒரு முறை சொன்னால் அந்தக் கடையின் நோட்டுக்கு அது நினைவில் நிற்கும், வேறு கடைக்குப் போகாது. "25 வச்சு" என்பதை வீதமாக எடுத்து 300 என்று சரியாகவே பெருக்கியது. முதல் வரியில் சீனிக்கு அலகு இல்லாததால் 2 ரூபாய், 148 ரூபாய் என்று இரண்டு தொகையாகப் பிரித்துவிட்டது. ஒரே வரியில் அலகில்லாத எண் இரண்டு வந்தால் கடைசி மட்டும் பணம் என்று வைக்கப் போகிறேன். தோவாளை அக்காவின் வரிகளில் இது எதையாவது கெடுக்கிறதா என்று பார்த்த பிறகு சேர்க்கிறேன். அக்கா, சம்பங்கி வரிகள் சில கிடைக்குமா?